டயரைப் பார்க்கும் முன் இருக்கையைப் பாருங்கள்

"நான் ஒருத்தன் கார் எடுக்காமல் இருந்தால் உலகம் குளிர்ந்துவிடுமா அண்ணே?" மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாகனப் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் பலரும் கேட்பது இது. குளிராது. ஆனால் அது சூடாவதில் உங்கள் பங்கு குறையும். எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. முக்கால் கிலோ எடைகூட தாண்டாத ஒரு லிட்டர் எண்ணெயிலிருந்து இவ்வளவா என்றால், எண்ணெயில் உள்ள கரி காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது. மிச்ச எடை அங்கிருந்து வருவது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், ஒரு கிலோமீட்டருக்கு 46 கிராம் விடும். லிட்டருக்கு 14 ஓடும் கார் என்றால் 164 கிராம். அதே காரில் நான்கு பேர் ஏறினால் ஆளுக்கு 41தான். பாரம் கூடுவதைச் சேர்த்தாலும் கப்சாய் அளவுக்குத்தான் வரும். ஆனால் காலையில் ஈப்போவுக்குப் போகும் கார்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஓட்டுபவர் மட்டும்தான் இருப்பார்.

என்னிடம் கேட்பதோ எண்ணெய் மிச்சப்படுத்தும் மருந்து! டயரில் சரியாகக் காற்று வைத்தால் சில விழுக்காடு மிச்சமாகும். கட்டாயம் செய்யுங்கள், டயரும் நீடிக்கும். ஆனால் காலி இருக்கைகளோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

அப்புறம் விமானம். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போய்வர சுமார் 5,200 கிலோமீட்டர். ஆளுக்குக் குறைந்தது 300 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் போகவர 20 கிலோமீட்டர் கப்சாயில் போகிறவர் வருடம் முழுக்க விடுவதே அதற்குள் அடங்கிவிடும். நாம் ஏறாவிட்டாலும் அது பறக்கத்தானே போகிறது என்பார்கள். இன்றைக்குப் பறக்கும், சரி. ஆனால் டிக்கெட் விற்பதைப் பார்த்துத்தான் அடுத்த பருவத்துக்கு எத்தனை விமானம் என்று முடிவாகிறது. சொந்த ஊருக்கும் கோயிலுக்கும் போகாதே என்று சொல்ல நான் யார்? இரண்டு பயணத்தை ஒன்றாக்கி நாலு நாள் கூடுதலாகத் தங்கலாமே.

நம் ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது, மின்ரயிலும் நிற்கிறது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருவதால் அதற்கும் எங்கோ புகை உண்டு. இருந்தாலும் தனி ஆளாகக் காரில் போவதைவிட மேல். ஆனால் தோட்டத்துக்குள்ளிருந்து நிலையத்துக்கு வரவே பேருந்து இல்லாதவரிடம் ரயிலில் போ என்பது அநியாயம். அந்தப் பேருந்தைச் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து போக நினைத்தால், எண்ணெய்க் காசைப் பிரிக்கிற தகராறே வேண்டாம். வாரத்துக்கு ஒருவர் காரை எடுங்கள். மற்ற கார்களுக்கு சர்வீஸ் தள்ளிப்போகும். நஷ்டம் எனக்குத்தான்.