உடன்படிக்கையில் இல்லாத தரப்பு: அபி அகமதுவின் நோபல் பரிசு குறித்து ஒரு வழக்குரைஞரின் பார்வை

அரசியல் தலைவர் ஒருவர் அமைதிக்கான நோபல் பரிசுக்குத் தகுதியானவரா என்ற விவாதம் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தை ஒட்டி எழுகிறது. அவர் நல்லவரா கெட்டவரா, நம் பக்கத்தவரா எதிர்ப்பக்கத்தவரா என்ற அளவிலேயே பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நிலத் தகராறுகளிலும் பாகப்பிரிவினை வழக்குகளிலும் சமரசம் பேசி, அதை எழுத்தில் வடித்து, பிறகு அது நிறைவேறுகிறதா என்று பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். எனக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு. எந்த உடன்படிக்கைக்காகப் பரிசு தரப்படுகிறதோ, அந்த உடன்படிக்கையில் தரப்பினராகச் சேர்க்கப்படாதவர் யார்? எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுவுக்கு 2019-ல் வழங்கப்பட்ட பரிசை இந்தக் கேள்வியோடு அணுகினால், அதற்குப் பின் நடந்தவற்றில் பலவும் விளங்கும்.

எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் பாத்மே என்ற சிற்றூரை மையமாக வைத்து 1998 மே மாதம் போரில் இறங்கின. இரண்டே ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். 2000 டிசம்பரில் அல்ஜியர்ஸ் நகரில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டு, எல்லையை வரையறுக்கும் பொறுப்பை ஒரு நடுவர் ஆணையத்திடம் ஒப்படைத்தன. அதன் முடிவே இறுதியானது, இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது என்றும் எழுதிக்கொண்டன. 2002 ஏப்ரலில் வந்த முடிவின்படி பாத்மே எரித்திரியாவுக்கு உரியதாயிற்று. எத்தியோப்பியா அங்கிருந்து வெளியேறவில்லை. போரும் இல்லை, அமைதியும் இல்லை என்ற நிலையில் பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

2018 ஏப்ரலில் பதவியேற்ற அபி, ஜூன் மாதத்திலேயே அல்ஜியர்ஸ் உடன்படிக்கையை முழுமையாக ஏற்பதாக அறிவித்தார். அடுத்த மாதம் எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவுக்குச் சென்று, எரித்திரிய அதிபர் இசையாஸ் அஃபெவெர்கியுடன் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். இரு தலைநகரங்களுக்கும் இடையே மீண்டும் விமானம் பறந்தது. பிரிந்து கிடந்த குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டன. இதன் மதிப்பைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. தனக்கு எதிராக வந்த தீர்ப்பை, எவரும் கட்டாயப்படுத்தாத நிலையில், தோற்ற தரப்பு தானாக ஏற்பது எவ்வளவு அரிது என்பது நீதிமன்ற வளாகத்தில் காலம் கழித்தவர்களுக்குத் தெரியும். உள்நாட்டிலும் அவர் அரசியல் கைதிகளை விடுவித்தார், தடை செய்யப்பட்ட அமைப்புகளை நாடு திரும்ப அழைத்தார், அமைச்சரவையில் பாதி இடங்களைப் பெண்களுக்குத் தந்தார்.

ஆனால் சமரசப் பத்திரம் ஒன்று என் மேசைக்கு வரும்போது, அதன் நிபந்தனைகளைப் படிப்பதற்கு முன் நான் பார்ப்பது, சொத்து இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதைத்தான். அண்ணனும் தம்பியும் மனமொத்துக் கையெழுத்திட்டிருப்பார்கள், நீதிமன்றமும் அதன்படி டிகிரி, அதாவது தீர்ப்பாணை, கொடுத்திருக்கும். வீட்டின் பின்கட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் சித்தப்பா குடும்பத்தை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் போய் நிற்கும் நாளில்தான் உண்மையான தகராறு தொடங்கும். தேவையான தரப்பினரைச் சேர்க்காத வழக்கு நிலைக்காது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த அனுபவமே.

பாத்மே எத்தியோப்பியாவின் வட எல்லையிலுள்ள திக்ரே மாநிலத்தின் நிர்வாகத்தில் இருந்தது. அந்த மாநிலத்தை ஆண்ட திக்ரே மக்கள் விடுதலை முன்னணி, 1991 முதல் எத்தியோப்பிய அரசிலேயே மேலோங்கி இருந்து, அபியின் வருகையால் அதிகாரத்தை இழந்த கட்சி. எரித்திரிய அதிபருக்கோ அது பழைய பகையாளி. எல்லைக் கோடு தங்கள் நிலத்தை இரண்டாகப் பிளந்துவிடும் என்று அஞ்சிய, திக்ரேயின் எல்லையோரத்தில் வாழும் ஈரோப் இன மக்கள், அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே எதிர்ப்புத் தெரிவித்துத் திரண்டனர். நிலத்தில் வாழ்பவர்களையும் நிலத்தை நிர்வகிப்பவர்களையும் வெளியே நிறுத்திவிட்டு இரு தலைநகரங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. இருவருக்கும் பொதுவான எதிரி ஒருவர் வெளியே இருந்தார் என்பதுதான், பின்னோக்கிப் பார்க்கும்போது, அதன் மிக ஆபத்தான கூறாகத் தெரிகிறது.

2019 அக்டோபர் 11 அன்று பரிசு அறிவிக்கப்பட்டபோது, முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட எல்லைச் சாவடிகள் மீண்டும் மூடப்பட்டிருந்தன, பாத்மே ஒப்படைக்கப்படவில்லை. ‘இது மிகவும் முன்கூட்டியே தரப்படுகிறது என்று சிலர் எண்ணக்கூடும்’ என்ற கருத்தை நோபல் குழுவே தன் அறிவிப்பில் குறிப்பிட்டது. ஊக்கமளிக்க வேண்டிய தருணம் இதுவே என்றும் வாதிட்டது. நான் இதை ஏற்கவில்லை. டிகிரி நிறைவேறும் முன்பே, அதை நிறைவேற்ற வேண்டிய தரப்புக்கே நற்சான்று தந்துவிட்டால், நிறைவேற்றும்படி அவரை நெருக்குவதற்கு நம் கையில் என்ன மிஞ்சும்? 1973-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கருடன் சேர்த்துத் தனக்கு அறிவிக்கப்பட்ட பரிசை, வட வியட்நாம் சார்பில் பேச்சுவார்த்தை நடத்திய லே டக் தோ மறுத்தபோது சொன்ன காரணமும் இதுதான்: தென் வியட்நாமில் அமைதி இன்னும் உண்மையாக ஏற்படவில்லை.

ஓஸ்லோவில் டிசம்பர் 10 அன்று அபி பதக்கம் பெற்றார். மறுநாள், அதே பரிசை 1991-ல் பெற்ற ஆங் சான் சூ கீ, ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான இனப்படுகொலைக் குற்றச்சாட்டிலிருந்து மியான்மரைக் காக்கத் தி ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்தார். பதினோரு மாதங்களுக்குள், 2020 நவம்பர் தொடக்கத்தில், திக்ரே படையினர் கூட்டரசின் ராணுவ முகாம்களைத் தாக்க, அபி திக்ரே மீது போர் தொடுத்தார். எரித்திரியப் படைகள் அவருக்குத் துணையாக உள்ளே நுழைந்தன. அக்சும் நகரில் அவை நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. அந்தப் படைகள் திக்ரேயில் இருப்பதையே எத்தியோப்பிய அரசு மாதக்கணக்கில் மறுத்து, 2021 மார்ச் மாதத்தில்தான் ஒப்புக்கொண்டது. உணவும் மருந்தும் தடுக்கப்பட்ட அந்த மாநிலத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பஞ்சத்தில் சிக்கியதாக ஐக்கிய நாடுகள் அவை 2021 ஜூலையில் தெரிவித்தது. பாத்மே எரித்திரியப் படைகளின் கைக்கு வந்ததும் இந்தப் போரின் போதுதான்.

வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைச் செய்திகள் இரண்டு உண்டு. ஒரு தலைவர் ‘பரிந்துரைக்கப்பட்டார்’ என்ற செய்திக்குத் தனியாக எந்த எடையும் கிடையாது. எந்த நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினரும், சட்டம், வரலாறு, மெய்யியல் போன்ற துறைகளின் பல்கலைக்கழகப் பேராசிரியரும் பரிந்துரை அனுப்பலாம். நம் மக்களவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. 2019-ல் மட்டும் 301 பெயர்கள் பரிசீலனையில் இருந்தன. மற்றொன்று, கொடுத்த பரிசைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லை. அதனால்தான் 2022 ஜனவரியில் அதே குழு, மோதலை முடிவுக்குக் கொண்டுவரும் சிறப்புப் பொறுப்பு அபிக்கு உண்டு என்று அறிக்கை விடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆட்சியில் இருப்பவருக்குப் பரிசே தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கொலம்பியாவின் யுவான் மானுவல் சாந்தோஸ், ஃபார்க் கெரில்லாக்களுடன் செய்த உடன்படிக்கையைப் பொதுவாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்த சில நாட்களிலேயே, 2016-ல் இப்பரிசைப் பெற்றார். அதுவும் முன்கூட்டிய பரிசுதான். ஆயினும் ஹவானாவில் நடந்த அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போரால் பாதிக்கப்பட்டவர்களே குழுக்களாக அழைத்துவரப்பட்டு, இரு தரப்பினர் முன்னிலையிலும் பேசியிருந்தார்கள். வாக்கெடுப்பில் தோற்ற பின் சாந்தோஸ் எதிர்த்தவர்களுடன் அமர்ந்து உடன்படிக்கையைத் திருத்தினார். 2017-ல் ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன. பிற்பாடு அங்கும் வன்முறை தொடர்ந்தது என்பது உண்மை. எனினும் அவருக்குத் தகுதி உண்டு என்று என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது. அபிக்கு 2019-ல் அந்தத் தகுதி இல்லை.

திக்ரே போர் 2022 நவம்பர் 2 அன்று பிரிட்டோரியா உடன்படிக்கையுடன் நின்றது. கையெழுத்திட்டவர்கள் எத்தியோப்பிய அரசும் திக்ரே மக்கள் விடுதலை முன்னணியும் மட்டுமே. திக்ரே மண்ணில் நின்ற எரித்திரியா அதில் தரப்பினர் இல்லை. மேற்குத் திக்ரேயைத் தங்கள் பிடியில் வைத்திருந்த, அண்டை மாநிலமான அம்ஹாராவின் படையினரும் இல்லை. அடுத்த ஆண்டே அம்ஹாராவில் அரசுக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. மேற்குத் திக்ரேயிலிருந்து துரத்தப்பட்ட லட்சக்கணக்கானோர், உடன்படிக்கைக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் முகாம்களிலேயே காத்திருக்க நேர்ந்தது.