“நாலு வருஷமும் படம்தான் வரைவாங்களா சார்?”

பிளஸ் டூ முடிவு வந்ததும் திருவாரூர், மன்னார்குடி, பாபநாசம் பக்கமிருந்து பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். டெல்டாவில் ஒரு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் கற்பிக்கிறேன். விண்ணப்பம் வாங்க வரும் அப்பாக்கள் பெரும்பாலும் கேட்பது மேலே இருக்கும் கேள்வியைத்தான். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கத் தயங்காதவர்கள், கட்டணம் குறைந்த ஓவியப் படிப்புக்குத் தயங்குகிறார்கள். உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டியது எங்கள் கடமை.

சேர வரும் பிள்ளைகளில் பலர் போனில் இருக்கும் நடிகர் படத்தைக் கட்டம் போட்டு அச்சு அசலாக வரைந்து கொண்டுவருவார்கள். அதில் பொறுமை தெரியும், கை சுத்தம் தெரியும். ஆனால் அந்தப் படத்தில் எது எல்லை, எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பதையெல்லாம் கேமரா முன்பே முடிவுசெய்துவிட்டது. அதே பிள்ளையின் எதிரில் ஒரு பித்தளைக் குடத்தை வைத்தால் கை நின்றுவிடும். குடத்தின் வாய் வட்டம் என்று மூளைக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு நேரே இருக்கும்போது அது வெறும் கோடு. குடத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் நீள்வட்டமாகத் திறக்கும், தரையில் வைத்தால் இன்னும் அகலும். தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரிவதை வரையப் பழகுவதற்கே முதல் வருஷத்தில் பெரும்பகுதி போகும்.

குடம், முறம், மரப்பெட்டி, ஆணியில் தொங்கும் துணி என்று பொருட்களை அடுக்கி வைப்போம். ஒருநாள் பொருளை வரைய வேண்டாம், பொருட்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை மட்டும் வரையுங்கள் என்போம். கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து, தூண்வரிசை ஒரு புள்ளியை நோக்கிக் குறுகுவதைப் பார்த்து வரையச் சொல்வோம். மகாமகக் குளத்துப் படிக்கட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் வேக வரைவு நடக்கும். பஸ்ஸில் ஏறப் போகிறவரை அவர் ஏறுவதற்குள் ஏழெட்டுக் கோட்டில் பிடித்தாக வேண்டும். மூக்கு, முழி போட நேரமே இருக்காது. உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது, தூக்கும் பை எந்தத் தோளை இழுக்கிறது என்பது மட்டும் தாளில் வந்தால் போதும்.

இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் பயம் வருகிறது. “முன்னாடியெல்லாம் நல்லா வரைஞ்சான் சார், இங்க வந்து கையே கெட்டுப்போச்சு” என்று தாய்மார்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் கிறுக்கல், பாதியில் விட்ட உருவம், தலையில்லாத ஆள். பழைய நடிகர் படத்தோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். பெற்றோரிடம் மனதாரக் கேட்கிறேன்: முதல் வருஷத்து நோட்டைப் பார்த்துப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். என் கண்ணெதிரே நல்ல பிள்ளைகள் இரண்டாம் பருவத்தோடு நின்றுபோனது பெரும்பாலும் இதனால்தான். காசில்லாமல் நின்றவர்கள் குறைவு.

ஆள் பார்த்து வரையும் வகுப்பைப் பற்றியும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் வீட்டில், தயக்கம் உண்டு. எங்கள் வகுப்பில் மாடலாக உட்காருபவர்கள் கூலிக்கு வரும் ஊர்க்காரர்கள். வேட்டி சட்டையோடு ஒரு பெரியவர், சேலை கட்டிய ஓர் அம்மா. எலும்பு எங்கே தோலுக்கு அருகில் வருகிறது, கழுத்து எப்படித் தோளில் இறங்குகிறது என்பதை உடற்கூறுப் படத்தோடு சேர்த்துப் படிக்கிறார்கள். தயங்காமல் ஒருநாள் வந்து பாருங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பாடம் இது. டப்பாவில் இருக்கும் பச்சையை எடுத்து அப்படியே பூசக் கூடாது என்பது எங்கள் வகுப்பில் சட்டம். காரணம் டெல்டாவிலேயே இருக்கிறது. நாற்றங்காலின் பச்சையில் மஞ்சள் ஓடும். நட்ட பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்டும்போது நீலம் கூடிக் கருக்கும். கதிர் பழுக்கத் தொடங்கினால் பச்சைக்குள் காவி இறங்கும். காலை எட்டு மணிக்குப் பார்த்த வயல் உச்சிவெயிலில் வெளிறிப்போகும். இவற்றையெல்லாம் மஞ்சள், நீலம், கொஞ்சம் சிவப்பு என்று கலந்தே கொண்டுவர வேண்டும். நிறம் எது என்பதோடு அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதையும் பார்க்க வேண்டும். இந்த அடர்த்தி கைவந்துவிட்டால் நிறம் சற்றே தவறினாலும் படம் நிற்கும். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பலம் உண்டு. அந்தப் பச்சைகளைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு எனப் பிரிவார்கள். சென்னையில் 1850இல் தொடங்கிய கல்லூரி போன்ற இடங்களில் சுடுமண், துணி வடிவமைப்பு, அச்சுக்கலை ஆகியவையும் உண்டு. சிற்பம் எடுத்தவர்கள் களிமண்ணில் தொடங்குவார்கள். உள்ளே கம்பிக் கூடு கட்டுவது, மண் காயாமல் ஈரத்துணி போர்த்துவது, பாரிஸ் சாந்தில் அச்சு எடுப்பது எல்லாம் கைவேலை. கூடவே கணக்கும் வரும். நம் சிற்ப மரபில் உத்தம தசதாலம் என்றால் படிமத்தின் உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை ஓர் அங்குலமாகக் கொண்டு முகம், மார்பு, முழங்கால் என்று பிரிப்பார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை மடித்து அளவு குறிக்கும் ஒடிஓலை முறையைப் பட்டறையிலேயே பார்க்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். வகுப்பில் உயிருள்ள ஆளை ஏழரைத் தலை அளவில், அதாவது மொத்த உயரம் தலையின் உயரத்தைப் போல ஏழரை மடங்காக, செய்த மாணவன் அங்கே போனால் ஒரு கேள்வியோடு திரும்புவான்: தெய்வத்துக்கு ஏன் வேறு அளவு? அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது அழகியல் பாடம் அவனுக்குள் இறங்குகிறது.

கலை வரலாறு என்றால் தேதி மனப்பாடம் என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். டெல்டாவில் இருந்துகொண்டு அப்படிச் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்பாதையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தப் பாதைக்குள் எல்லாரும் போக முடியாது என்பதால் படங்களை வைத்துத்தான் பாடம். ஆனால் ஈரச்சுவர் ஓவியம் எப்படி நிற்கிறது என்பதைக் கையால் செய்து பார்க்கலாம். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மண் நிறங்களைத் தீட்ட வேண்டும். காயும்போது சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகி, நிறத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். ஆகவே அன்றைக்குப் பூசிய பரப்பை அன்றைக்கே தீட்டி முடித்தாக வேண்டும். சின்னப் பலகையில் இதைச் செய்த மாணவருக்கு, அந்தப் பெரிய சுவரை எத்தனை திட்டத்தோடு பிரித்துக்கொண்டிருப்பார்கள் என்பது உடம்பாலேயே புரியும். தாராசுரத்தில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலையைப் பொதுவாக வைத்த சிற்பம் இருக்கிறது. ஓர் உடலைக் கையால் மறைத்தால் மற்றது எழும். ஒரே கோட்டை இரண்டு உருவத்துக்கும் வேலை வாங்குவது எப்படி என்று கரும்பலகையில் நான் விளக்குவதைவிட அந்தக் கல் நன்றாக விளக்குகிறது.

தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி முடித்துவிட்டால் இதே படிப்புத்தானே என்றும் கேட்கிறார்கள். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல் மாவைக் குழைத்துப் பூசி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டும் அந்தக் கலை அரியது. அதில் தேர்ந்தவர்களை நான் வணங்குகிறேன். குறுகிய காலப் பயிற்சி அந்த ஒரு முறையைத் தரும். பட்டப்படிப்பு பல முறைகளைத் தொட்டு, எதை ஏன் தேர்ந்தெடுக்கிறோம் என்று பேசவும் பழக்கும். வாரந்தோறும் படங்களைச் சுவரில் மாட்டி எல்லாரும் கருத்துச் சொல்லும் அமர்வு உண்டு. “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது. எந்த இடம், ஏன் என்று சொல்ல வேண்டும். வாய் திறக்காத கிராமத்துப் பிள்ளைகள் மூன்றாம் வருஷத்தில் தங்கள் படத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வேலை? வளாகத்துக்கே வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகும் நிறுவனங்கள் இல்லை. இதை மறைக்கக் கூடாது. அனிமேஷன், விளம்பரம், புத்தக வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, அருங்காட்சியகப் பணி, பள்ளிகளில் ஓவிய ஆசிரியர், சினிமா அரங்க அமைப்பு என்று எங்கள் மாணவர்கள் போகிறார்கள். பூம்புகாரில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த பி. கிருஷ்ணமூர்த்தி, சினிமாவில் கலை இயக்கத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். ஆசிரியர் வேலைதான் குறி என்றால் அதற்குத் தனியாக என்னென்ன தகுதிச் சான்று கேட்கிறார்கள் என்று அப்போதைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேரும் முன் இரண்டு எச்சரிக்கை. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, தருவது பட்டமா வெறும் சான்றிதழா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் 2013இல் அமைந்த இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அடுத்தது உடம்பு. டர்பன்டைன் ஆவி, சிற்பத்துக்கான ரெசின், கண்ணாடி இழைத் தூசி, அச்சுக்கலையில் உலோகத்தை அரிக்கும் அமிலம் ஆகியவை நுரையீரலையும் தோலையும் கெடுக்கும். பட்டறையில் காற்றோட்டம் இருக்கிறதா, கையுறையும் முகக்கவசமும் தருகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கட்டணம் குறைவு என்றாலும் தாள், தூரிகை, வண்ணம், கேன்வாஸ் என்று மாதச் செலவு இருக்கும். முதல் வருஷத்துக்கு விலை உயர்ந்த வண்ணம் எதுவும் வேண்டாம். 2பி, 4பி, 6பி பென்சில், கரித்துண்டு, கட்டுக் கட்டாகச் சாதாரணத் தாள் போதும்.

சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு வைப்பார்கள். அதற்குத் தயாராக நடிகர் படங்களை இன்னும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். வீட்டில் இருக்கும் அரிவாள்மனை, சைக்கிள், தூங்கும் தாத்தா, கட்டியிருக்கும் மாடு என்று நேரில் பார்த்து தினமும் வரைந்த நோட்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள். பிழையாக இருந்தாலும் அழிக்காமல் கொண்டுவாருங்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.