ஷூ டிராப்: முழங்கால் வலி போய் குதிகால் வலி வந்த கதை

போன மாசம் ஒருத்தர் வந்தார், நாப்பது வயசு இருக்கும், ஐடி வேலை, காலைல பெசன்ட் நகர் பீச் ரோட்ல ஓடுறவர். பையிலேர்ந்து புது ஷூவ எடுத்து டேபிள் மேல வச்சுட்டு, "டாக்டர், முழங்கால் வலி போயிடுச்சு, ஆனா இப்ப கட்டில்லேர்ந்து எறங்கினா முதல் நாலு அடி நொண்டித்தான் நடக்கிறேன்"னார். குதிகாலுக்கு மேல இருக்கிற தடிச்ச தசைநார, அதான் அக்கிலீஸ், ரெண்டு விரலால புடிச்சு அழுத்தினேன், மனுஷன் வெடுக்குன்னு கால இழுத்துக்கிட்டார்.

ஷூவ திருப்பி பாத்ததுமே வெளங்கிடுச்சு. ஜீரோ டிராப். அதுக்கு முன்னாடி அவர் போட்டது 12 மில்லிமீட்டர்.

டிராப்னா வேற ஒண்ணும் இல்ல, ஷூவுக்குள்ள குதிகால் நிக்கிற உசரத்துக்கும் முன்பாதம் நிக்கிற உசரத்துக்கும் உள்ள வித்தியாசம். பின்னாடி 32, முன்னாடி 22ன்னா டிராப் 10. சோல் தடிமன் வேற கணக்கு, அத இதோட போட்டு குழப்பிக்காதீங்க, ஆல்ட்ராங்கிற ஷூ கம்பெனில நல்லா மெத்துன்னு இருக்கிற மாடல்லயும் டிராப் சைபர் உண்டு.

குதிகால் எறங்க எறங்க கெண்டைச்சதையும் அக்கிலீஸும் கூடுதலா இழுபடும், உசந்தா அந்த பாரம் கொஞ்சம் முழங்கால் பக்கம் போகும். பாரம் கொறையறதில்ல, எடம் மாறுது. அவருக்கு ஒரு வலி போனதும் இன்னொண்ணு வந்ததும் ஒரே காரணத்தாலதான், அதுவும் வாங்கின மறுநாளே 10 கிலோமீட்டர் ஓடியிருக்கார்!

"சின்ன வயசுலேர்ந்து ஹவாய் செருப்புதானே டாக்டர், அதுவும் தட்டைதானே?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா செருப்புல நடந்தோம், இப்படி ஓடலையே.

வெறுங்காலோட செவுத்துக்கு முன்னாடி நிக்க வச்சேன். பெருவிரலுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு கை அகலம் விட்டு, குதிகால தூக்காம முழங்காலால செவுத்த தொடணும். அவருக்கு மூணு விரல் அகலத்துலயே குதிகால் எழும்பிடுச்சு. இவ்ளோ இறுக்கமான கணுக்காலுக்கு ஜீரோ டிராப் எதுக்குங்க? நீங்களும் கடைக்கு போறதுக்கு முன்னாடி வீட்லயே இத பாத்துடுங்க. பெட்டி மேல பெரும்பாலும் சைஸ்தான் போட்டிருக்கும், டிராப் எவ்ளோன்னு கம்பெனி வெப்சைட்ல தேடணும்.

இப்போதைக்கு ஓட்டத்த நிறுத்தி கெண்டைச்சதைக்கு பயிற்சி குடுத்திருக்கேன். வலி அடங்கினதும் பழைய ஷூ, அப்புறம் வேணும்னா 8 மில்லிமீட்டர் டிராப் ஷூ, அதையும் வாரத்துக்கு ரெண்டு நாள் ரெண்டு ரெண்டு கிலோமீட்டர்தான் மொதல்ல, மத்த நாளெல்லாம் பழசுதான்.

"அப்ப இத என்ன டாக்டர் பண்றது, காசு போச்சே"ன்னு ஷூவ காட்டினார். கால் சரியானப்புறம் காய்கறி வாங்க போட்டுட்டு போங்கன்னேன்.