பாய்மரப் படகில் நிழற்பந்தல்

அமெரிக்காவின் மயாமி நகரை ஒட்டிய பிஸ்கேன் விரிகுடாவில், ஜூன் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 87 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். வானம் தெளிவாக இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1,000 வாட் அளவுக்கு வெயில் விழும். 15,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்ட ‘காட்டலினா 22’ போன்ற ஆறரை மீட்டர் நீளச் சிறு படகில், சுக்கான் பிடிப்பவர் பின்பகுதியிலுள்ள காக்பிட் என்னும் பள்ளத்தில் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலைக்கு மேலே பாய் எவ்வளவு பெரிதாக விரிந்திருந்தாலும், அதன் நிழல் காற்று சொன்ன பக்கம் விழுமே தவிர அவர் மேல் விழும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவேதான் மடக்கக்கூடிய குழாய்ச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டும் பந்தல் பிறந்தது. மயாமிக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பஹாமா தீவான பிமினியின் பெயராலேயே அதையும் ‘பிமினி’ என்று அழைக்கிறார்கள்.

மோட்டார் படகில் இந்தப் பந்தலை விரும்பிய உயரத்தில் நிறுத்தலாம். பாய்மரப் படகில் அந்த உரிமை இல்லை. முதன்மைப் பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் நீளமான கிடைத்தண்டு, மாலுமிகள் ‘பூம்’ என்று சொல்வது, படகு திசை மாறும்போதெல்லாம் காக்பிட்டின் மேலாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாகப் பாயும். பந்தல் அதன் பாதைக்குக் கீழே அடங்கியாக வேண்டும். எனவே துணியையோ நிறத்தையோ யோசிக்கும் முன்பு, பாயை ஏற்றி, பாய்க்கயிற்றை இறுக்கி இழுத்து, பூம் எவ்வளவு தாழ வருகிறது என்று அளக்க வேண்டும். பாயை இறக்கும்போது பூம் அதைவிடவும் கீழே சரியக்கூடும் என்பதால் அந்த நிலையையும் பார்த்து, இரண்டில் தாழ்ந்ததற்குக் கீழே குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது நல்லது. பூமைக் கட்டுப்படுத்தும் கயிறு எங்கே இறங்குகிறது என்பதும் முக்கியம்: பூமின் நுனியிலிருந்து படகின் கடைக்கோடிக்கு இறங்கினால் பந்தலுக்கு இடம் கிடைக்கும், நடுவிலிருந்து காக்பிட்டுக்குள் இறங்கினால், அந்தக் கயிறு பந்தலின் வயிற்றையே கிழித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பிக்கு முன்னாலேயே பந்தல் முடிவதும் நல்லது.

இந்த அளவுகளுக்குள் சிறு படகில் கிடைப்பது பெரும்பாலும் உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் மட்டுமே. இதை ஒரு குறையாக நினைத்து வருந்த வேண்டியதில்லை, ஏனெனில் பந்தல் தாழ இருந்தால் நிழல் குறைவாகவே நகரும். உட்கார்ந்திருப்பவரின் மார்புக்கு 1 மீட்டர் மேலே துணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூரியன் 60 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் 58 சென்டிமீட்டர் விலகி விழும். 45 பாகையில் 1 மீட்டர். 30 பாகையில் 1.73 மீட்டர். பந்தலின் நீளமும் அகலமும் 1.8 மீட்டராக இருந்தால், மாலை வெயிலில் நிழலின் பெரும்பகுதி படகைத் தாண்டித் தண்ணீரில் கிடக்கும். டிசம்பரில் மயாமியின் நண்பகல் சூரியனே சுமார் 41 பாகை உயரம்தான் ஏறும். பந்தலை இன்னும் அகலமாக்கினால் பக்கவாட்டில் நடமாட முடியாது; அதைவிட, ஓரத்தில் கொக்கியால் மாட்டித் தொங்கவிடும் வலைத்திரை ஒன்றை வெயில் வரும் பக்கம் மாற்றி மாற்றிக் கட்டுவதே சரியான வழி.

நிழலில் உட்கார்ந்துவிட்டால் தோல் கருகாது என்று பலரும் நம்புகிறார்கள். அது முழு உண்மையல்ல. அலைநீளம் குறையக் குறைய ஒளி காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுவது மிக வேகமாகக் கூடும்: 450 நானோமீட்டர் நீல ஒளியைவிட 310 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் 4 மடங்குக்கும் அதிகமாகச் சிதறுகிறது. வானத்தை நீலமாக்கும் அதே நிகழ்வு, புற ஊதாக் கதிர்களைப் பொறுத்தவரை வானம் முழுவதையுமே ஒரு விளக்காக்கிவிடுகிறது. தோலைச் சுடும் கதிர்களில் பாதியளவு சூரியனின் திசையிலிருந்து அல்ல, திறந்த வானத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. கடல்நீரின் பிரதிபலிப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் என்றாலும் அலைநுரை கால் பங்கு வரை திருப்பியனுப்பும். ஆகவே பந்தலின் கீழும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் தேவை. பந்தல் முதன்மையாகக் காப்பது உடல் சூடேறுவதிலிருந்துதான்.

அந்தச் சூட்டைத் துணியின் குணம் தீர்மானிக்கிறது. தென்னங்கீற்றுப் பந்தலின் கீழும் தகரக் கொட்டகையின் கீழும் ஒரே அளவு நிழல்தான் விழுகிறது. ஆனாலும் தகரத்தின் கீழே உட்கார முடிவதில்லை. சூடேறிய தகரம் தன் அடிப்பக்கத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்களை நம்மேல் பொழிவதே காரணம். கருநீலத் துணி வெயிலை உறிஞ்சிச் சூடேறும், ஆனால் கண்கூச்சத்தையும் புற ஊதாவையும் நன்கு தடுக்கும். வெள்ளைத் துணி குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஒளியைக் கசியவிட்டுக் கண்ணைக் கூசவைக்கும். படகில் காற்று எப்போதும் துணியின் இரு பக்கமும் ஓடிச் சூட்டைக் கொண்டுபோவதால், வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறத்தில் சற்றுக் கனமான துணியையே நான் பரிந்துரைப்பேன்.

இழையைப் பொறுத்தவரை, இழை உருவாகும் கரைசலிலேயே நிறமி கலக்கப்பட்ட அக்ரிலிக் துணி நெடுங்காலம் உழைக்கும். மேல்தோல் மட்டும் சிவந்த முள்ளங்கிக்கும் உள்வரை சிவந்த பீட்ரூட்டுக்கும் உள்ள வேறுபாடு இது; வெயில் மேற்பரப்பை அரித்தாலும் நிறம் எளிதில் போகாது. நைலான் வெயிலில் விரைவில் நைந்துபோகும். அக்ரிலிக்கின் பலவீனம் உராய்வு. சட்டத்தில் தேயும் இடங்களில் ஒட்டுத்துணி தைத்தாக வேண்டும். துணியைவிட முன்னதாகப் போவது தையல் நூல். பாலியெஸ்டர் நூல் வெயிலில் இற்று, துணி நன்றாக இருக்கும்போதே தையல் பிரிந்துவிடும். ஃபுளோரின் கலந்த பி.டி.எஃப்.இ. நூலை வெயில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அதன் விலை கூடுதல்தான், ஆனால் இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பந்தலும் ஒரு பாய்தான், அதுவும் சுருக்க நினைவு வராத பாய். மணிக்கு 37 கிலோமீட்டர் வேகக் காற்று, தன்னை நேரே எதிர்க்கும் பரப்பில் சதுர மீட்டருக்கு 65 நியூட்டன் விசையைச் செலுத்தும். நாம் கணக்கிட்ட பந்தலின் பரப்பு சுமார் 3.2 சதுர மீட்டர். காற்று அதை நிமிர்த்திப் பிடித்துவிட்டால் 21 கிலோ எடை தொங்கும் அளவுக்கு விசை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகி 85 கிலோவைத் தொடும். அது படகின் பின்பகுதியைத் தள்ளுவதால், முன்பகுதியான அணியம் காற்றை நோக்கித் திரும்ப முனையும். துறையில் மெதுவாக அணையும்போது இது நன்றாகவே தெரியும். சட்டத்துக்கு 22 மில்லிமீட்டர் குழாயைவிட 25 மில்லிமீட்டர் குழாய், சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தாலும், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைப்பானது. உப்புக் காற்றுக்கு, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. மாலிப்டினம் இல்லாத 304 ரகத்தில் குளோரைடு விரைவில் புள்ளிப் புள்ளியாய்க் குழி பறிக்கும்.

பொருத்தும் வேலையைத் துளையிடுவதிலிருந்து தொடங்கக் கூடாது. பி.வி.சி. குழாயாலும் பழைய போர்வையாலும் மாதிரி ஒன்றைக் கட்டி, ஒரு நாள் முழுக்கப் படகிலேயே உட்கார்ந்து பாருங்கள்: சுக்கான் தடி முழுவதும் திரும்புகிறதா, கயிறு சுற்றும் வின்ச்சின் கைப்பிடி சட்டத்தில் முட்டாமல் சுழல்கிறதா, பாயின் உச்சி கண்ணுக்குத் தெரிகிறதா என்று. உச்சி மறைந்தால் துணியில் சிறு ஒளிபுகும் சாளரம் தைக்க வேண்டும். இடம் உறுதியான பிறகு, சட்டத்தைத் தாங்கும் முதன்மைக் குழாய் வளைவின் கீல்களைப் பந்தல் நீளத்தின் நடுவாக அமைக்கலாம்.

கீல் உட்காரும் தளம் பல படகுகளில் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்தது. திருகாணித் துளை வழியே கசியும் நீர் அந்த மரத்தை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் அழுகவைக்கும். ஆகவே துளையைத் தேவையைவிடப் பெரிதாக இட்டு, எப்பாக்சி என்னும் இறுகும் பிசினைக் கொண்டு நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிட வேண்டும். அப்போது திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. துளையின் வாயைச் சற்றுச் சரிவாகச் சீவிவிட்டால், கீலின் அடியில் வைக்கும் பியூட்டைல் என்னும் ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை அங்கே தங்கித் திருகாணியைச் சுற்றி வளையம்போல் இறுகி நீரை அடைக்கும். அடியில் அகலமான தகடு ஒன்றை வைத்து மரையை முடுக்கினால் இழுவிசை பரவும். கடைசியாக, முன்னும் பின்னும் இழுக்கும் வார்ப்பட்டைகளைத் தளத்தில் இயன்றவரை தொலைவாக ஊன்றித் துணியை மத்தளத் தோல்போல் இறுக்க வேண்டும். தளர்ந்த துணி படபடத்துத் தன் தையலைத் தானே அறுத்துக்கொள்ளும். மழைநீரும் அதில் குளமாய்த் தேங்கும்.

பூம் மிகத் தாழ்வாக உள்ள படகுக்குப் பிமினி வேண்டாம் என்பதே என் கருத்து. நங்கூரமிட்டபின் பூமையே முகடாக வைத்து, அதன்மேல் துணியைப் போர்த்தி, இரு ஓரங்களையும் படகோரக் கம்பிகளில் கட்டினால் போதும், துளையே தேவைப்படாது. பிமினி வைத்திருப்பவர்கள், ஃபுளோரிடாவின் கோடைப் பிற்பகல்களில் மேற்கே கருமேகம் திரளும்போதே அதை மடக்கி உறைக்குள் போட்டுக் கட்டிவிட வேண்டும். இடிமழையின் முதல் வீச்சு வந்தபின் அந்தக் கீல்களில் கைவைக்க நேரம் இருக்காது.