ஏஆர் 500ன்னா "குண்டு துளைக்காத எஃகு" இல்லீங்க

ரேஞ்ச்ல, அதாவது சுட்டுப் பழகுற இடத்துல, ரைஃபிள் சுடுற அமெரிக்க வீடியோவுக்குத் தமிழ்ல விளக்கம் சொல்றவங்க, குறி பார்த்து சுட வெச்சிருக்கிற அந்த வெள்ளை பெயின்ட் அடிச்ச இரும்பு வட்டம் திரையில வந்த உடனே "இது ஏஆர் 500, அதாவது குண்டு துளைக்காத எஃகு"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. ஒருத்தர் சொன்னா விட்டுடலாம், சப்டைட்டில்லயும் அதான், மெஷின் மொழிபெயர்ப்புலயும் அதான். இது பத்தாதுன்னு இன்னொரு கோஷ்டி "உராய்வு எதிர்ப்பு எஃகு"ன்னு செந்தமிழ்ல கிளம்பியிருக்கு. ரெண்டுமே தப்பு. முதல் தப்பு ஆளோட கண்ணைக் குருடாக்கக்கூடிய தப்பு, அதனால அதைத்தான் நீட்டி முழக்கப் போறேன்.

சொல்லோட கதை சின்னதுதான். ஏஆர்னா அப்ரேஷன் ரெசிஸ்டன்ட், அதாவது உரசுனாலும் லேசுல தேயாதது. அப்ரேஷன்ங்கிறதுக்கு லத்தீன் வேர் "சுரண்டி எடுக்கிறது", ரேசர்ங்கிற வார்த்தையும் அதே குடும்பம்தான். 500ங்கிறது பிரினெல் எண், இரும்பு எவ்வளவு கெட்டின்னு சொல்ற எண். ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900ல அறிமுகப்படுத்துன சோதனை அது, 10 மி.மீ. உருண்டையை 3000 கிலோ பாரத்துல இரும்பு மேல அழுத்தி, விழுற குழியோட அகலத்தை அளப்பாங்க, குழி சின்னதா இருந்தா எண் பெருசு. சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட் 120 பக்கத்துல நிக்கும், இது 500 பக்கத்துல நிக்கும்.

இதுல எங்கயாச்சும் துப்பாக்கி வருதா? வராது. டிப்பர் லாரி தொட்டியிலயும் கிரஷர்லயும் பொக்லைன் பக்கெட்லயும் கல்லும் மண்ணும் நாள் பூரா உரசியும் தேயாம இருக்கணும்னு செஞ்ச இரும்பு இது. சுடுறவங்க அதைக் கடன் வாங்கிக்கிட்டாங்க, ஏன்னா மேற்பரப்பு கெட்டியா இருக்கிறது அவங்களுக்கும் தேவைப்பட்டுது.

சரி, "குண்டு துளைக்காத"ன்னு சொன்னா என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேப்பீங்க. அந்தப் பேரைக் கேட்டவன் பிளேட்டை எப்படிப் பரிசோதிப்பான்? பின்பக்கம் போய்ப் பார்ப்பான், ஓட்டை இல்ல, "நல்லாத்தானே இருக்கு"ன்னு திரும்ப வந்து சுடுவான். ஆனா பார்க்க வேண்டியது முன்பக்கத்தைங்க. ஈயத் தோட்டா சமமான கெட்டிப் பரப்புல மோதுனா பொடியாகி, அந்தப் பொடியும் துண்டும் பிளேட்டோட முகத்தை ஒட்டியே பக்கவாட்டுல சிதறும். அதுவே பிளேட்ல ஒரு பள்ளம் இருந்து, அதுக்குள்ள இன்னொரு தோட்டா போய் விழுந்தா, பள்ளத்தோட ஓரம் துண்டுகளைத் திருப்பி சுட்டவன் பக்கமே அனுப்பும். பட்டறையில வெட்டுன எம்.எஸ். பிளேட் கனமா இருந்தா சில தோட்டாவைத் துளைக்க விடாமக்கூட நிறுத்திடும், ஆனா முகம் பூரா குழியாயிடும். அதுவும் "குண்டு துளைக்காத எஃகு"தானே, அந்தப் பேரோட கணக்குப்படி? ஆபத்தான பிளேட்டுக்கும் பாஸ் மார்க் போட்டுக் குடுக்கிற பேரை வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்றது.

இன்னொண்ணு, அந்தப் பேர்ல இருக்கிற வாக்குறுதியும் பொய். ஏஆர் 500லயும் பள்ளம் விழும், ஓட்டையும் விழும். இதுல பெரிய தோட்டாதான் மோசம்னு நினைக்கிறது தப்பு, வேகம்தான் முக்கியம். 55 கிரெய்ன் (தோட்டா எடையை அளக்கிற அலகு) எடையுள்ள .223 ரக ரைஃபிள் தோட்டா குழல் வாயில நொடிக்கு 3200 அடி பக்கம் போகும், .308ங்கிற பெரிய ரகம் அதை விட ரெண்டரை மடங்குக்கு மேல எடை, சக்தியும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ஆனா வேகம் 2700 பக்கம்தான். கிட்டத்துல வெச்சு சுட்டா முகத்தைக் கெடுக்கிறது அந்தச் சின்னதுதான். மோதுற வேகம் 3000 அடியைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு பொது வரம்பு வெச்சிருக்காங்க, அதுக்காகத்தான் ரைஃபிள்னா குறைஞ்சது 100 கெஜம் தள்ளி நிக்கச் சொல்றது. பிஸ்டலுக்கு 10 கெஜம் போதும்ங்கிறதை எங்கயோ படிச்சுட்டு ரைஃபிளைத் தூக்கிட்டு அந்த தூரத்துல நிக்கிறவங்களை என்ன சொல்ல. முனையில பச்சை பெயின்ட் அடிச்ச எம் 855ங்கிற தோட்டா ரகத்துல உள்ளுக்குள்ள எஃகு முனை இருக்கு, எம் 2 கவசம் துளைக்கிற ரகம் அதுக்கும் மேல, ரெண்டையும் இந்த பிளேட் பக்கமே கொண்டு போகக்கூடாது.

கனம்னு பார்த்தா ரைஃபிளுக்கு வழக்கமா 3 நூல், அதாவது முக்கால் அங்குலத்துல பாதி, மேக்னம்னு சொல்ற அதிக சக்தித் தோட்டா ரகத்துக்கு 4 நூல். நம்ம இரும்புக் கடையில நூல் கணக்கு அழகா புழங்குது, மொழிபெயர்ப்பாளருங்க மட்டும் "0.375 அங்குலம்"னு எழுதுவாங்க.

இந்தப் பேர் பண்ற இன்னொரு கூத்து, இதையே நெஞ்சுல கட்டிக்கலாம்னு நினைக்க வைக்கிறது. பக்கவாட்டுல சிதறுற துண்டு ரேஞ்ச்ல தரைக்குப் போகட்டும்னு பிளேட்டைச் சங்கிலியில தொங்கவிட்டு முகத்தை 20 டிகிரி வாக்குல கீழ நோக்கிச் சாய்ச்சு வைப்பாங்க. உடம்புல கட்டினா அதே துண்டு எங்க போகும்? தாடைக்கும் கைக்கும்தான்.

இப்போ "உராய்வு எதிர்ப்பு" கோஷ்டிக்கு வருவோம். பள்ளிக்கூடப் புத்தகத்துல உராய்வுன்னா ஃப்ரிக்‌ஷன். அப்போ உராய்வு எதிர்ப்புன்னா வழுக்குறதுன்னு அர்த்தம் ஆகாதா? அந்தக் கணக்குல நான்ஸ்டிக் தோசைக்கல்லைத்தான் முதல்ல அப்படிக் கூப்பிடணும். உராய்வு ஒரு விசை, அப்ரேஷன் அந்த விசையால பொருள் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு போறது. அதுக்குத் தமிழ்ல வார்த்தைக்கா பஞ்சம்? தோல்ல நடந்தா சிராய்ப்பு, டயர்ல நடந்தா தேய்மானம், அரம் வெச்சு நாமளே செஞ்சா அராவுறது. மூணையும் விட்டுட்டு நாலாவதா தப்பான ஒண்ணைப் பிடிச்சிருக்காங்க. எனக்கு "அராவா எஃகு"ன்னு சொல்ல ஆசைதான், ஆனா அரான்னா பாம்புன்னு பழைய தமிழ் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. அதனால "தேய்மானம் தாங்கும் எஃகு". இலங்கைக்காரங்க எஃகை உருக்குன்னு எழுதுவாங்க, அதுவும் நல்ல சொல்தான், தாராளமா எழுதட்டும். தேய்மானம்னா கணக்குப்பிள்ளை வார்த்தையாச்சேன்னு ஒருத்தர் கேட்டார். செருப்பு தேய்ஞ்ச பிறகுதானேங்க கணக்குல எழுதுறது?

"தாங்கும்"ங்கிறதை வேணும்னேதான் வெச்சேன். தாங்குறதுக்கு ஒரு எல்லை இருக்குன்னு அந்த வார்த்தையிலயே தெரியும், "துளைக்காத"ல தெரியாது. வெப்பத்தையும் இந்த எஃகு தாங்காது. இந்தக் கெட்டித்தனம் கொல்லர் சொல்ற தோய்ச்சல்ல வர்றது, காய்ச்சி சட்டுன்னு ஆத்தி, மறுபடி அளவாச் சூடு காட்டி வாங்குறது. கேஸ் கட்டிங்ல வெட்டுனாலோ முகத்துல வெல்டிங் வெச்சாலோ அந்த இடம் மட்டும் பதம் இறங்கி, முதல் பள்ளம் அங்கதான் விழும். தண்ணியை வேகமாப் பீய்ச்சி (வாட்டர் ஜெட்) வெட்டுறது அதனாலதான்.

குண்டுங்கிற சொல்லைப் பத்தியும் ஒரு புலம்பல். தலைப்புச் செய்தியில வெடிக்கிறதும் குண்டு, ரைஃபிள்ல இருந்து வர்றதும் குண்டு. தோட்டான்னு ஒரு நல்ல சொல் இருக்கு, இலங்கையில சன்னம், ரவைன்னு ரெண்டு இருக்கு (நம்ம ஊர்ல ரவைன்னா உப்புமா கிண்டிடுவாங்க, அது வேற). அப்புறம் ஸ்ப்ளாட்டர், ரிக்கோஷே ரெண்டுக்கும் "தெறித்தல்"னு ஒரே வார்த்தையைப் போட்டு முடிச்சுடறாங்க. தோட்டா உடைஞ்சு துண்டாப் போறது சிதறல், முழுசாவோ பெருந்துண்டாவோ திசை மாறிப் போறது தெறிப்பு. ரெண்டையும் கலந்தா எச்சரிக்கை வாசகமே கெட்டுப் போகுது, "தோட்டா தெறிக்கலாம், கவனம்"னு எழுதியிருந்தா எவன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுவான்? என்னைக் கேட்டா இப்படி எழுதுவேன்: "தேய்மானம் தாங்கும் எஃகு இலக்கு. ரைஃபிளுக்கு 100 கெஜத்துக்குக் கிட்ட வராதீங்க. எஃகு முனைத் தோட்டா கூடாது. சிதறல் வரும், சுடுறவங்களும் பார்க்கிறவங்களும் கண்ணாடி போடுங்க. பள்ளம் விழுந்த பிளேட்டைக் கழட்டிடுங்க."