இரட்டை மேஜரா, இரண்டு பட்டமா? யு.ஜி.சி. விதி சொல்வது என்ன

பி.காம். படித்துக்கொண்டே பொருளியலும் படிக்க விரும்பும் மாணவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகளில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிவிட வேண்டாம்.

இரட்டை மேஜர் என்பது ஒரே பட்டத்துக்குள் இரண்டு முதன்மைப் பாடங்கள். 2022 டிசம்பரில் வெளியான இளநிலைப் பாடத்திட்டச் சட்டகப்படி, மொத்த கிரெடிட்டில் (பாடச்சுமையை அளக்கும் அலகு) குறைந்தது 40 சதவீதம் இரண்டாவது பாடத்தில் இருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 48. நான்காண்டுப் பட்டத்தின் 160இல் 64. அதற்குக் குறைந்தால் இரட்டை மேஜர் கிடைக்காது. பல்கலைக்கழகம் இந்தச் சட்டகத்தை ஏற்றிருந்தால்தான் இது நடக்கும். இதற்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. இங்குள்ள கல்லூரிகளில் பழக்கமான அல்லைடு பாடம் துணைப்பாடம்தான், இரண்டாவது மேஜர் ஆகாது.

மற்ற வழி, ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள். 2022 ஏப்ரல் 13 முதல் யு.ஜி.சி. இதை அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் வகுப்பு நேரம் மோதக்கூடாது. ஒன்று நேரடி, மற்றொன்று தொலைதூரம் அல்லது ஆன்லைன் என்றும் சேரலாம். இரண்டுமே தொலைதூரமாகவும் இருக்கலாம். பிஎச்.டி.க்கு இந்தச் சலுகை இல்லை. தொழிற்படிப்புகளில் அந்தந்தக் கவுன்சிலின் விதியும் பொருந்தும். உதாரணமாக, சட்டப் படிப்புடன் இன்னொரு ரெகுலர் படிப்பு சேர்வதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.

நெருங்கிய பாடங்கள் என்றால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டாவது பாடத்தின் அறிவு வேண்டுமா, பட்டத்தின் பெயர் வேண்டுமா? கணித மாணவருக்குப் புள்ளியியல் அறிவு மட்டும் போதுமென்றால் அல்லைடும் சில விருப்பப்பாடங்களுமே போதும் என்பது எங்கள் கருத்து. மூன்று வருட உழைப்பை இரட்டிப்பாக்கத் தேவையில்லை. இரண்டாவது பாடத்தில் முதுநிலையோ அரசு வேலையோ குறியென்றால் கதை வேறு. அறிவிக்கையில் கேட்ட பட்டத்தின் பெயரும் உங்கள் சான்றிதழில் இருக்கும் பெயரும் வேறுபட்டால், டி.என்.பி.எஸ்.சி. இணைக்கல்வி அரசாணை, அதாவது இரண்டு பட்டங்களும் சமம் என்று கூறும் ஆணை கேட்கும். பெயர் மாறாத தனிப்பட்டம் அங்கே கைகொடுக்கும்.

தொலைதூரத்தில் சேருமுன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, அந்தப் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் அனுமதி உண்டா என்று யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு (டெப்) தளத்தில் பாருங்கள். பிறகு ஏ.பி.சி. ஐ.டி.யைக் (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கின் எண்) கொண்டு அதே தளத்தில் டெப் ஐ.டி. என்ற சேர்க்கை அடையாள எண் எடுக்க வேண்டும்; 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து இது கட்டாயம். அசல் டி.சி. முதல் கல்லூரியில் இருக்கும் என்பதால், அது இல்லாமல் சேர்ப்பார்களா என்று கட்டணத்துக்கு முன்பே கேளுங்கள்.

பெரும்பாலும் சிக்குவது தேர்வில்தான். தொலைதூரக் கல்வி தரும் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் தொடங்கும். கல்லூரியின் நவம்பர் செமஸ்டர் டிசம்பருக்குள் நீண்டால் தேதிகள் மோதும். அப்போது கல்லூரித் தேர்வை எழுதிவிட்டு, இக்னோ தாளை அடுத்த ஜூனுக்குத் தள்ளுங்கள்; அங்கே மூன்றாண்டு இளநிலையை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு.