ரெஃபரன்ஸ் படத்திலிருந்து எதை எடுப்பது?

திருப்பூரில் பனியன் பிரிண்டுக்கு டிசைன் செய்து கொடுப்பவர்களிடம் வேலை பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வந்து சேர்கிறது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வாட்ஸாப்பில் ஒரு பழைய விளம்பரத்தையோ, விளம்பரம், காமிக்ஸ் போன்ற அன்றாடப் படங்களைக் கலையாக்கிய பாப் ஆர்ட் ஓவியத்தையோ அனுப்பி, "இதே ஃபீல் வரணுங்க, ஆனா அப்படியே இருக்கக் கூடாதுங்க" என்பார். அவசரத்தில் நிறத்தை மாற்றி, எழுத்தை மாற்றி, ஒரு ஃபில்டரைப் போட்டு அனுப்புகிறவர்களே அதிகம். அந்தப் படம் எப்படிச் செய்யப்பட்டது, எந்தக் கட்டுப்பாட்டுக்குள் அந்தத் தோற்றம் பிறந்தது என்று பார்க்கிறவர்கள் குறைவு. சொந்த டிசைன் கிடைப்பது இந்த இரண்டாவது வழியில்தான்.

பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோலையே எடுத்துக்கொள்வோம். ஓவியராகப் புகழ் பெறும் முன், 1950-களில் நியூயார்க்கில் காலணி விளம்பரங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவர் அவர். 1962-இல் கேம்பல் சூப் டப்பாக்களை 32 கேன்வாஸ்களில் வரைந்து காட்சிக்கு வைத்த அவர், அதே ஆண்டில் புகைப்படத்தைத் திரையில் ஏற்றி அச்சிடும் முறைக்கு மாறினார். சட்டம், இழுத்துக் கட்டிய மெஷ், மையை இழுத்துத் தேய்க்கும் ஸ்குவீஜி என்று நம் டேபிள் பிரிண்டிங் பட்டறையில் அன்றாடம் புழங்குகிற அதே முறைதான் அது. மர்லின் மன்றோ படங்களில் உதட்டின் சிவப்பும் இமையின் நீலமும் கோட்டுக்குள் அடங்காமல் விலகி நிற்பதை அவர் திருத்தாமல் விட்டார். நம் ஊரில் இதையே "ரெஜிஸ்டர் போயிருச்சு", அதாவது நிறங்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று சொல்லி, செக்கிங்கில் ரிஜெக்ட் செய்துவிடுவார்கள். ஆகவே அந்தத் தோற்றம் வேண்டுமானால் நிற லேயரை ஆர்ட்வொர்க்கிலேயே 3 மி.மீ. நகர்த்தி வைத்து, அது வேண்டுமென்றே செய்தது என்று தயாரிப்பு விவரங்கள் அடங்கிய ஸ்பெக் ஷீட்டில் எழுதியும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கைதேர்ந்த பிரிண்டிங் மாஸ்டர் ஒருவர் மிகுந்த அக்கறையோடு அதைச் சரிசெய்து வைத்திருப்பார்.

இன்னொரு பாப் ஆர்ட் ஓவியரான ராய் லிச்டென்ஸ்டைனின் புள்ளிகளுக்கும் இது பொருந்தும். மலிவான காமிக்ஸ் தாளில் குறைந்த நிறங்களைக் கொண்டு சாயல் காட்டப் பயன்பட்ட புள்ளிகளை அவர் பெரிதாக்கி வரைந்தார். கம்ப்யூட்டரில் ஒரே சொடுக்கில் வரும் பொடிப் புள்ளிகளைச் சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் அடித்தால், மை பரவி அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணிக்கென்றே பெரிய புள்ளியும் தாராளமான இடைவெளியும் வைத்து வரைவதே சரி.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு அமெரிக்க கிராஃபிக் டிசைனர் மில்டன் கிளேசர். 1966-இல் அவர் வடிவமைத்த பாடகர் பாப் டிலன் போஸ்டரின் கறுப்புப் பக்கவாட்டு உருவம், ஓவியர் மார்சல் டூஷாம்ப் செய்த தன்னுருவப் படம் ஒன்றிலிருந்து வந்தது. சுருண்டோடும் வண்ணக் கூந்தல் இஸ்லாமிய ஓவிய மரபைப் பார்த்துப் பிறந்தது. எழுத்துருவோ மெக்சிகோ நகரத்துத் தையல்கடை விளம்பரம் ஒன்றைக் கண்டு அவர் உருவாக்கியது. மூன்று ஊற்றுகள் இருந்தும் போஸ்டர் அவருடையதாகவே நிற்கிறது. அந்தத் தையல்கடை விளம்பரத்துக்கு நிகரானவை நம்மிடம் குறைவா என்ன? நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளில் லாரியின் பின்பலகையில் நிழல் வைத்து எழுதும் எழுத்தையும், பவானி ஜமுக்காளத்தில் பட்டை பட்டையாக அடுத்தடுத்து மோதும் நிறங்களையும் உற்றுப் பார்க்காமல், உலகமே பார்த்துச் சலித்த இணையப் படத்தைத் தேடி ஓடுவது எனக்கு விளங்குவதில்லை.

வார்ஹோலிடம் பின்பற்றக் கூடாத பழக்கமும் ஒன்று உண்டு. பிறர் எடுத்த புகைப்படங்களை அவர் தாராளமாக எடுத்தாண்டார். பாடகர் பிரின்ஸை 1981-இல் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த படத்தின் மேல் அவர் செய்த ஆக்கம் ஒன்றை 2016-இல் அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்கு உரிமம் கொடுத்தது, அனுமதியின்றியே பயன்படுத்தச் சட்டம் இடம் தரும் 'நியாயமான பயன்பாடு' ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறிவிட்டது. நம் நாட்டில் ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் படைப்பாளி மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. "பத்து இடத்துல மாத்திட்டா கேஸ் வராது" என்று காதர்பேட்டை பனியன் சந்தை வரை உலவும் நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். நடிகர்களின் முகத்தை அச்சிடுவதும் ஆபத்தே. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் அவருடைய பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் தடை விதித்தது.

நம் சொந்த டிசைன் விஷயத்தில் பலரும் அறியாத ஒரு பிரிவு உள்ளது. வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதியாமலே விட்டு, இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால் அதன் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. ஒரு சிறிய ஆர்டரே அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும் ஊர் இது. நீண்ட நாள் ஓடும் என்று தோன்றுகிற டிசைனை, வெளியே காட்டும் முன்பே 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிந்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு கிடைக்கும். பென்சில் ஓவியம் முதல் கடைசி லேயர் வரை எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். பையர் அனுப்பிய படமாக இருந்தால், அதன் உரிமை யாரிடம் உள்ளது என்பதை ஸ்கிரீன் செய்வதற்கான ஃபிலிம் எடுக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் போட்ட பிறகு கேட்டால், ஷிப்மென்ட் அவசரத்தில் அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.